தம்பிக்குப் பிடித்தது

சாராயக் கடை திறப்பதற்கு அரசாங்கத்தில் நடைமுறை உண்டு. ஏலம் விடுவதற்கு உண்டு, ஏலத்தை ரத்து செய்வதற்கு உண்டு, ரத்து செய்ததை ரத்து செய்வதற்கும் உண்டு. வருவாய்த்துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இவற்றையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் குடிப்பவன் ஒருவன் இனி குடிக்கமாட்டேன் என்று முடிவு செய்தால் எந்த மேஜைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் விதி கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் கடைகள் மறுபடி திறந்த புதிதில், அப்படி முடிவு செய்த ஒருவர் வந்து நின்ற இடம் எங்கள் தெருமுனைத் தையல் கடை.

கடைக்காரரைப் பாய் என்போம். அவர் தாத்தா காலத்திலிருந்தே அந்த இடத்தில்தான் கத்தரிக்கோல். அவருடைய மச்சான் ஒருவர் குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதைப் பற்றிப் பாய் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் வாசல் பெஞ்சில் கை நடுங்க ஒருவன் உட்கார்ந்தால், எழுந்து போ என்று சொல்லமாட்டார். டீ சொல்வார், பிரிக்க வேண்டிய பழைய துணி ஒன்றை மடியில் போட்டு, “சும்மாதான குந்தினுகீற, இந்த நூல உருவு நைனா” என்பார்.

அன்று வந்து உட்கார்ந்தவர், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உடைக்கிற மில்லில் எடை போடுகிறவர். மில்காரர் என்போம். அவரும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள், ஒரே கடையில் குடித்தார்கள். தம்பிக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அன்றைக்கே அண்ணன் குடியை நிறுத்தினார். தம்பி நாலைந்து மாதம் இழுத்துக்கொண்டு கிடந்தார், பிழைக்கவில்லை. தம்பியின் மனைவி அதற்குப் பிறகு அண்ணனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தம்பிக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுத்தவர் அண்ணன்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, அண்ணன் மறுபடி தொட்டால் அந்த வீட்டில் இரண்டாவது பாடையும் கட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் அவருடைய மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மா பாயிடம் சொன்னார், பாய் கடைக்கு வந்து போகிற எங்கள் நாலைந்து பேரிடம் சொன்னார். அதோடு சரி. குழு அமைக்கவில்லை, தலைவர், செயலாளர் யாரும் இல்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை. அரசு வேலையில் இருந்தும் இப்படி ஒரு காரியத்தில் பங்கெடுத்தேன் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு.

மில் சங்கு ஊதியதும் எங்களில் ஒருவர் அதன் வாசலில் நிற்பார். ஏதோ அந்தப் பக்கம் வந்தது மாதிரி. சாராயக் கடை இல்லாத தெருக்களாகப் பார்த்துச் சுற்றிக் கூட்டி வருவோம். கடைகள் கூடக் கூட எங்கள் வழியும் நீண்டது. சில நாள் அடி அண்ணாமலைவரை நடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். மலை சுற்றும் பாதையில் அப்போது பௌர்ணமியன்றுகூடச் சாவகாசமாக நடக்கலாம். புளிய மரத்தடியில் யாராவது மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். இப்போது பௌர்ணமிக் கூட்டத்துக்கு அங்கே போலீஸ் தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

நடக்கும்போது குடியைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் பேசவும் இல்லை. மழை, மல்லாட்டை விலை, என் தாசில்தார். “இன்னா சார், இன்னிக்கு ஆபீஸ்ல யார நாளைக்கு வான்னு அனுப்சீங்கோ?” என்று பாய் தினமும் கேட்பார். மில்காரர் சிரிக்க ஆரம்பித்ததே அந்தக் கேள்விக்குத்தான்.

ஊரில் உள்ள எல்லாக் கடைகளையும் நாங்கள் யோசித்து வைத்திருந்தோம். படையலை யாரும் யோசிக்கவில்லை.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் காரியத்தன்று இலை போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கறி, மீன், பீடிக் கட்டு, குடிக்கிறவராக இருந்தால் பாட்டில். முதலில் காக்கைக்கு வைப்பார்கள். காக்கை எடுத்ததும் படைத்தவர் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலிலும்தான். அதன் பிறகே மற்றவர்களுக்குப் பந்தி. தம்பிக்குப் பிள்ளை இல்லாததால் படைக்க வேண்டியவர் அண்ணன்.

காரியம் முடிந்து வீட்டில் இலை விரித்தபோது, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அவர்களுடைய பெரியப்பா துண்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தார். மில்காரர் அதைப் பார்த்தார். பார்த்த பார்வையை எடுக்க அவரால் முடியவில்லை. பந்தல் காலைப் பிடித்து நின்றிருந்த பாய் என்னைப் பார்த்தார். சம்பிரதாயம் என்று வந்துவிட்டால் துலுக்கர் என்ன பேச முடியும்? பேச வேண்டியவன் நான்.

“அது வேணாங்க பெரியப்பா. அவருக்கு ஆவாது” என்றேன்.

“அவனுக்கா வெக்கறேன்? செத்தவனுக்கு வெக்கறேன். புடிச்சத வெக்கலன்னா ஆத்மா அலையும். நீ படிச்சவன், உனக்கு இன்னா தெரியும்?”

அலுவலகத்தில் ஒரு பழக்கம். ஒன்றை மறுக்க முடியாவிட்டால், முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று கேட்க வேண்டும். “சரிங்க. செத்தவருக்குப் புடிச்சது இன்னதுன்னு யாருங்க சொல்லணும்? தெனம் சோறு போட்டவங்கதான?” என்றேன்.

எல்லோரும் உள்ளே திரும்பினார்கள். தம்பியின் மனைவி கதவோரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்காமலே பேசினார்.

“புடிச்சதுன்னு யார் சொன்னது? குடிக்கறப்போ அவர் மூஞ்சப் பாத்துகீறீங்களா யாராச்சும்? மூக்கப் புடிச்சினு, கண்ண மூடினு குடிப்பாரு. காத்தால வாந்தி எடுத்துட்டு, கசக்குதுடின்னு அழுவாரு. அவருக்குப் புடிச்சது வெல்லம் போட்ட கேவுரு அடை. சுட்டு வெச்சிகீறேன். அத வையுங்க.”

கேழ்வரகு அடை வந்தது. பாட்டில் பெரியப்பா கையிலேயே இருந்தது. காக்கைக்குச் சோற்றையும் அடையையும் இலையில் போட்டுப் பின்கட்டுச் சுவரில் வைத்தார்கள். அண்ணன் கூப்பிட்டார். காக்கை வரவில்லை. பங்காளிகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஊரில் ஒரு காக்கையும் இல்லாததுபோல் வானம் துடைத்துக் கிடந்தது. பசியோடு இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

“பாத்தியா? தம்பி ஒத்துக்கல. ஒரு மூடி ஊத்தி வை, ஓடி வருதா இல்லியா பாரு” என்றார் பெரியப்பா.

மில்காரரின் கை பாட்டிலை நோக்கி நீண்டது. நாங்கள் நடந்த நடை அத்தனையும் அந்தக் கைக்கு முன்னால் வீண் என்று எனக்குப் பட்டது. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கை பாதியில் நின்றது. பிறகு அவர் சுவரிலிருந்த இலையை எடுத்தார்.

“இந்த நேரத்துல காக்கா எப்படிப் பெரிப்பா இங்க வரும்? எல்லாம் நம்ம மில்லு களத்துலதான் இருக்கும். மல்லாட்டை காயுதில்ல? தம்பிதான் வெரட்டினு கெடப்பான், தெனம்.”

சொல்லிவிட்டு இலையோடு தெருவில் இறங்கி நடந்தார். பின்னால் பங்காளிகள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள், கடைசியில் துண்டுக்குள் பாட்டிலோடு பெரியப்பா. இரண்டு தெரு தாண்டி மில். களம் முழுக்க மல்லாட்டை, மல்லாட்டை முழுக்கக் காக்கை. இலையைக் கீழே வைத்து அவர் நிமிர்வதற்குள் நாலைந்து இறங்கிவிட்டன. ஒன்று அடையைக் கவ்விக்கொண்டு கூரைக்குப் போனது.

“பெரியவரே, வெல்லம் போட்டாதான் வரும்போல” என்றார் பாய். காரிய வீட்டுக் கூட்டம் என்பதை மறந்து எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா சாப்பிடாமலே பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஆத்மாவின் தாகம் எதுவாக இருந்தாலும் கீழ்பென்னாத்தூர் போவதற்குள் தீர்ந்திருக்கும்.

அன்றோடு மில்காரர் சுத்தமாக விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். அடுத்த கார்த்திகைத் தீபத்துக்கு ஒருமுறை சறுக்கினார். இரண்டு நாள் கழித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாய் ஒன்றும் கேட்காமல் டீ சொன்னார். அதற்குப் பிறகு தொடவில்லை. இன்று இதற்கென்று மையங்கள் உண்டு, ஆலோசகர்கள் உண்டு. நல்லது. அப்போது இருந்ததை என்ன பெயர் சொல்லி எந்தத் தலைப்பில் பதிவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

காரியத்தன்று களத்திலிருந்து திரும்பி வந்ததும் பந்தி போட்டார்கள். மில்காரர் உட்காராமல் பந்தலில் நின்றுகொண்டிருந்தார். தம்பியின் மனைவி அவர் முன்னால் இலையைப் போட்டார்.

“குந்துங்க மாமா. காக்காவுக்கே தேடினு போய்ப் போட்டாச்சு, உங்களயும் நான் தேடினு வரணுமா?”

அத்தனை நாளில் அவரிடம் அந்த அம்மா பேசிய முதல் வார்த்தை அது. அவர் உட்கார்ந்தார். அடையைப் பிட்டு வாயில் வைத்தவர், மென்றுகொண்டே அழ ஆரம்பித்தார். தம்பி செத்த அன்றும் அழாதவர். அதுவரை குடியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்வதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. நாங்கள் யாரும் தேற்றப் போகவில்லை. அந்த அம்மா இன்னோர் அடையைக் கொண்டு வந்து இலையில் வைத்துவிட்டு அடுத்தவருக்குப் பரிமாறப் போனார்.