ஜமைக்காவிலிருந்து வால்பாறை லைன் வீடு வரை

1996 ஜனவரி. பீளமேட்டில் எம்.ஃபில் படித்துக்கொண்டிருந்தேன். ஜமைக்காவிலிருந்து மார்சியா என்ற ஆய்வாளர் எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தார். வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் பாட்டின் மூலம் எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. நம் தேயிலைத் தோட்டங்களிலும் அப்படிப் பாட்டு உண்டா என்று பார்க்க விரும்பினார். மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு உக்கடத்தில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர், அங்கிருந்து வால்பாறை அறுபத்து நான்கு. கொண்டை ஊசி வளைவு மட்டும் நாற்பது. (காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) பஸ்ஸே மார்சியாவைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்தம்மா எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"வெஸ்ட் இண்டீசுங்களா? முன்னாடி உக்காரச் சொல்லுங்க. பின்னாடி தூக்கிப்போடும்."

பத்தரைக்கு இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடந்து ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளை அடைந்தோம். கொழுந்து பறிக்கும் செல்வியக்கா கடுங்காப்பி கொடுத்தார். பாட்டு என்றதும் அங்கே கூடியிருந்த பெண்கள் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். மார்சியா தன் கொள்ளுப்பாட்டி கரும்பு வெட்டியதைச் சொன்னார்.

"அங்கயும் தொரைங்க இருந்தாங்களா?" என்று கேட்டார் செல்வியக்கா.

இருந்தார்கள் என்று சொல்லி, மேஸ்திரியை அவனுக்குப் புரியாத வார்த்தைகளில் கிண்டல் செய்யும் ஒரு பாட்டைப் பாடினார் மார்சியா. அர்த்தத்தை நான் தமிழில் சொன்னதும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவர்களும் பாடினார்கள். தராசைத் தட்டிக் கொழுந்தின் எடையைக் குறைத்துக் காட்டும் சூப்பர்வைசரைப் பற்றி, பேர் சொல்லியே. டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் செல்வியக்காவின் முகம் மாறியது. "இதை ஆபீஸ்ல கேட்டா எங்க வேலை போயிருமுங்க."

நான் மொழிபெயர்த்தேன். இந்தப் பாட்டுக்காகத்தான் மார்சியா கடல் தாண்டி வந்திருந்தார். ஆனாலும் கேசட்டை வெளியே எடுத்து அக்காவின் கையில் வைத்துவிட்டார்.

பெண்கள் வாசலில் அரைமணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்த செல்வியக்கா கேசட்டை நீட்டினார். "எங்க பேரு, எஸ்டேட் பேரு எதுவும் வேண்டாமுங்க. பாட்டு போகட்டும். உங்க ஊரு சனம் கேக்கட்டும்."

அந்த மாதமே என் எம்.ஃபில் தலைப்பை மாற்றினேன். எங்கள் பெண்களின் பாட்டும் ஆய்வுதான் என்று புரிய எனக்கு ஒரு ஜமைக்காக்காரர் வேண்டியிருந்தது.

போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்லது. ஸ்வெட்டர் அவசியம். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். லைன் வீடுகளுக்குப் போனால், பதிவு செய்யப் போனை எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் பதிந்ததை அவர்கள் கண்முன்னே அழித்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள்.