நாலாம் அடியின் முதல் சொல்

பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னச் சபையில் ஞாயிறுதோறும் இரண்டு ஆராதனை. காலையில் தமிழ், அது முடிந்ததும் மலையாளம். மற்றவர்கள் ஒன்றிலேயே தூங்கி வழிய, லேஸ் பின்னுகிற தங்கபாய் மட்டும் இரண்டுக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பரலோகத்தில் இரண்டு நாற்காலி கேட்கப் போகிறாள் என்று ஊரே கேலி பேசியது. இவர்களுக்கு என்ன தெரியும்? இதே தங்கபாய்தான் ஒரு காலத்தில் மலையாளப் பாட்டின் முதல் அடி காதில் விழுவதற்குள் கோயில் படியிறங்கிப் போனவள்.

அவளுக்குக் காது கொஞ்சம் அதிகம். ஒரு பாட்டைக் கேட்டால் பொருள் மனதில் ஏறுவதற்கு முன்னால் ஓசை ஏறிவிடும். அடிக்கு அடி இரண்டாம் எழுத்து ஒன்றாக வந்தால் எதுகை, ஓரடிக்குள் சொற்களின் முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை என்று பள்ளியில் படித்ததை எல்லோரும் பரீட்சையோடு மறந்தார்கள். அவள் மறக்கவில்லை. பாடகர் குழுவில் அவளுக்கு எதிர்வரிசையில் நின்ற ராபின்சனும் மறக்கவில்லை. அவன் சொந்தமாகவே பாட்டுக் கட்டுவான். கட்டினால் முழுசாகச் சொல்ல மாட்டான். மூன்று அடி சொல்லி, நாலாம் அடியின் முதல் சொல்லை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பான். எதுகையைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மீதியைப் பாடுவான். அவர்களுடைய காதல் இவ்வளவுதான். கையைக்கூடத் தொட்டதில்லை.

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் மூண்டபோது, ராபின்சனின் பாட்டு கோயிலிலிருந்து தெருவுக்கு இறங்கியது.

எல்லை எமக்கே என்போம்
தொல்லை தொலைய நிற்போம்
கல்லும் கரைய முழங்கும்

என்று அவன் பாடி நிறுத்துவான். ஊர்வலம் மொத்தமும் "வெல்லும்!" என்று கத்தும். பிறகுதான் "வேளை இதுவே" என்று முடிப்பான். ஆயிரம் பேர் கத்தினாலும், அந்த இடைவெளி தனக்கென்று விட்டது என்றே தங்கபாய் நினைத்துக்கொள்வாள். காதலிக்கிறவள் அப்படித்தான் நினைப்பாள்.

ஐம்பத்துநாலு ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்றோடு ராபின்சனைக் காணவில்லை. செத்துவிட்டான் என்றார்கள், திருநெல்வேலிக்கு ஓடிவிட்டான் என்றார்கள். அவனைத் தேடிப் போலீஸ் அவள் வீட்டுக்கும் வந்தது. அப்பா ராஜையா சபை உபதேசியார், பயந்த மனுஷர்.

"அவன் இனி வரமாட்டான் மக்கா. குளத்தூர்ல இருந்து நல்ல கல்யாண ஆலோசனை ஒண்ணு வந்திருக்கு, சரீன்னு சொல்லு" என்றார்.

"உயிரோட உண்டா இல்லியான்னு தெரியட்டும் அப்பா. பொறவு சொல்லுதேன்."

"எப்பிடித் தெரியும்?"

"பாட்டு வரும்."

அப்பாவுக்குத் தலை சுற்றியது. ஆனால் அவளுக்கு அது சந்தேகமில்லாத விஷயம். உயிரோடு இருந்தால் பாட்டுக் கட்டாமல் இருக்க அவனால் முடியாது. களியக்காவிளையில் கூட்டம் என்றால் போய் நிற்பாள். "இது ராபின்சன் எழுதினதாக்கும்" என்று யாராவது ஒரு பாட்டைக் கொண்டுவருவார்கள். இரண்டு அடி கேட்பாள். மோனை அடுக்கியிருக்கும், எதுகையும் இருக்கும், நாலாம் அடியில் மட்டும் யாருக்கும் இடம் விட்டிருக்காது. "இது அவரு இல்ல" என்று திரும்பிவிடுவாள்.

அந்த நாட்களில்தான் கோயிலுக்குள்ளும் வீம்பு புகுந்தது. மலையாளப் பாட்டு தொடங்குவதற்கு முன் தமிழ்க் கட்சிக்காரர்கள் எழுந்து போய்விட வேண்டும் என்று வழக்கமாயிற்று. ஆசீர்வாதம் முடிந்த கையோடு முதல் ஆளாக வெளியேறுவது தங்கபாய். அவன் எந்த மொழிக்காக அலைகிறானோ அதற்குத் தன்னால் முடிந்த விசுவாசம் அது. லேஸ் நூல் வாங்க மாதந்தோறும் நெய்யாற்றின்கரைக்குப் போவாள். அங்கே திருப்புறம் என்கிற ஊருக்குப் போக நிற்கிற பஸ்ஸைக் கடந்துதான் நூல் கடைக்குப் போவாள். அந்த பஸ்ஸை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் எல்லை பிரிந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, பாறசாலை கேரளத்திலேயே நின்றது. அதற்கடுத்த ஞாயிறு ஆசீர்வாதம் முடிந்தபோது வெளியே இடி முழங்கி ஐப்பசித் துலாமழை கொட்டியது. தங்கபாய் எழுந்து நின்றாள். எதற்காக இறங்கிப் போக வேண்டும் என்று முதல்முறையாகத் தோன்றியது. அப்படியே கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மலையாளப் பாடகர் குழு தொடங்கியது.

கண்ணீர் துடைக்கும் கரமே
மண்ணில் மறையா வரமே
எண்ணி ஏங்கும் எளியோர்க்காய்

முதல் அடியிலேயே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மொழி மலையாளம்தான், ஆனால் தமிழுக்கும் பொதுவான சொற்களாகப் பொறுக்கியது; ஓசை அவனுடையது. கண்ணீர், மண்ணில், எண்ணி. மூன்றாம் அடியோடு குழு நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"திண்ணம்" என்றாள் தங்கபாய். சத்தமாகத்தான் வந்துவிட்டது.

"திரிகெ வருமோ" என்று பாட வேண்டிய குழு பாடாமல் திரும்பிப் பார்த்தது. திரும்பி வருவாயா என்ற கேள்விக்குமுன் நிச்சயம் என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆராதனை முடிந்ததும், இரண்டு வருடத்துக்கு முன் வெளியூரிலிருந்து வந்து குழுவை நடத்துகிற ரெத்தினதாஸ் அவளிடம் ஓடிவந்தார். "யக்கா, அந்த வாக்கு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? பாட்டுக் கட்டின சாறு அத எங்களுக்கே சொல்லித் தரல்லியே."

"எந்த சாறு?"

"திருப்புறத்துல பிள்ளையளுக்குப் பாடம் எடுத்தாரே, யோசேப்பு சாறு. ரெண்டு வருசமா நாங்க பாடுற பாட்டெல்லாம் அவரு தந்ததாக்கும். எல்லாத்துலயும் ஒரு எடம் விட்டிருப்பாரு. 'அந்த எடத்துல நிறுத்துங்க, பாட ஆள் உண்டு'ன்னு சொல்லுவாரு. யாரும் பாடினதில்ல."

பெயரை மாற்றி, மொழியை மாற்றி, போலீஸுக்குத் தெரியாமல் அவளைக் கூப்பிட அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. கடிதம் எழுதினால் பிடித்துவிடுவார்கள். பாட்டை யாராலும் பிடிக்க முடியாது, அவளைத் தவிர.

"இப்ப அவரு எங்க?" என்று கேட்டாள்.

"ஓணம் கழிஞ்சு மலேயாவுக்குக் கப்பலேறிட்டாரு. போறதுக்கு முந்தி ஒரு ஞாயிறு இங்க வந்தாரு யக்கா. இதே கடைசி பெஞ்சு. இந்தப் பாட்டு கழிஞ்சதும், 'பதில் சொல்ல மனசில்ல போல'ன்னு சொல்லிட்டு எறங்கிப் போனாரு."

அந்த ஞாயிறும் அவள்தான் முதல் ஆளாக வெளியேறியிருந்தாள். அவனுக்காகத்தான் வெளியேறினாள். அதை நினைத்து அவள் அழுத அழுகைக்குக் கணக்கில்லை. மலேயா போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள். போனவர்கள் யாரும் அவனைக் கண்டதாகச் சொல்லவில்லை. குளத்தூர் ஆலோசனையைப் பற்றி ராஜையா பிறகு வாய் திறக்கவே இல்லை.

அன்றிலிருந்து இரண்டு ஆராதனைக்கும் இருந்தாள். தலை நரைத்து, ஊசி பிடிக்கிற கை நடுங்கத் தொடங்கிய பிறகும் இருந்தாள். குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூன்றாம் அடி முடிந்ததும் நிற்காமல் நாலாம் அடியைப் பிடித்துவிடுவார்கள். ரெத்தினதாஸ் கை காட்டி மறிப்பார்.

"அந்த எடத்துல நிறுத்துங்க மக்கா, பாட ஆள் உண்டு" என்பார்.

அவர்கள் நிறுத்துவார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அந்தச் சொல் வரும்.