ஆறுக்கு ஐந்து

ஸ்கார்வெய் தீவின் வானொலியில் சம்பளம் வாங்குபவர் யாரும் கிடையாது. படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் தூர்குன்தான் பத்தொன்பது வருஷமாக அதில் ஊராட்சிச் செய்தி சொல்கிறாள். கூட்டம் நடக்கும் நாளில் பதிவுக் கருவியை மேசை நடுவே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். பதினொரு உறுப்பினர்களும் பேசியதைச் சுருக்கி, வியாழக்கிழமை ஐந்து மணிக்கு ஒலிபரப்புவாள். மீன்பிடிப் படகு முதல் முதியோர் இல்லம் வரை அப்போது அவள் குரல்தான் கேட்கும்.

புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கென்று இருந்தது தம்பி ஐலிஃபின் குடும்பம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவன் வீட்டில். அவனும் ஊராட்சி உறுப்பினன்.

மேற்கு மலையில் காற்றாலைகள் வைக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டபோது ஊர் இரண்டுபட்டது. திட்டம் ஆறுக்கு ஐந்து என்று தப்பிப் பிழைத்தது. வாக்கெடுப்புக்கு முன் ஐலிஃப் உருக்கமாகப் பேசினான்.

"எனக்கு இதுல ஒரு குரோனகூட லாபம் இல்ல. கம்பெனி கட்டற வரியால பள்ளிக்கூடத்தை மூடாம இருக்கணும், அவ்வளவுதான்."

அந்தப் பேச்சை வெட்டி ஒட்டும்போது கம்பெனியின் விண்ணப்பத்தையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஊராட்சி வெளியிட்டிருந்த இருநூறு பக்கங்கள். யாரும் படித்திருக்கவில்லை. மலைக்குப் போகும் பாதைக்கு எந்தெந்த நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலில் குன்லௌக் என்ற பெயர் இருந்தது. ஐலிஃபின் மனைவி.

செவ்வாய்க்கிழமை மதியம் தம்பி வீட்டுக்குப் போனாள். படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான் அவன்.

"பாதை போற நிலம் குன்லௌகோடதா?"

"அவங்கப்பா கொடுத்தது. என் பேர்ல இல்லையே."

"பொண்டாட்டி பேர்ல இருந்தாலும் நீ ஓட்டுப் போட்டிருக்கக் கூடாதுடா. சட்டம் தெரியாதா ஒனக்கு?"

"சரி, இப்ப என்னங்கற?"

"வியாழக்கிழமை சொல்லப் போறேன். உன் பதிலையும் போடணும். பேசறியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அக்காவாக் கேக்கறியா, வானொலியாக் கேக்கறியா?"

"வானொலியா."

"அப்ப எங்கிட்ட பதில் இல்ல. அக்காவா வந்தா உள்ள காப்பி இருக்கு."

காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வியாழக்கிழமை, "நான் சொல்லப்போகும் உறுப்பினர் என் கூடப்பிறந்த தம்பி. அதை நேயர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று தொடங்கினாள். பிறகு அவன் பேச்சைப் போட்டாள். பட்டியலைப் படித்தாள். அவர் பதில் சொல்ல விரும்பவில்லை என்று முடித்தாள்.

மறுநாள் கடைக்காரி ராக்னா, எலுமிச்சம்பழத்தை நிறுத்தபடியே, "கூடப்பிறந்தவனையே பிழிஞ்சு சாறெடுத்துட்ட. இது வேற எதுக்கு?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காற்றாலை வேண்டாம் என்றவர்கள் மட்டும் அவளைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் கொண்டாடினார்கள்.

அது ஆறு வாரம்தான் நீடித்தது. மாவட்ட அதிகாரி அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று சொல்லிவிட, ஐலிஃபை வெளியே உட்காரவைத்து மறுபடி வாக்கெடுத்தார்கள். அவன் இடத்தில் வந்த மாற்று உறுப்பினரும் திட்டத்துக்கு ஆதரவாகவே கை தூக்கினார். மறுபடியும் ஆறுக்கு ஐந்து. கொண்டாடியவர்களில் ஒருவர் வாசலில் அவளிடம், "இதுக்காடீ தம்பியைத் தொலைச்ச?" என்று கேட்டார். கேலியாகச் சொல்லவில்லை, பாவப்பட்டுத்தான் கேட்டார். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

"முதல் ஓட்டு தப்பு. இது சரியான ஓட்டு" என்றாள். அந்த வாரச் செய்தியிலும் அதைத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு வரவில்லை. அவளாகப் போகவும் கால் எழவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு ஆட்டு விலாத்துண்டு வாங்கி அவித்தாள். ஒருவருக்கு எவ்வளவு உருளைக்கிழங்கு என்பது பிடிபடாமல் மூன்று நாள் அதையே தின்றாள். அடுத்த தேர்தலில் ஐலிஃப் நிற்கவில்லை. வேட்பாளர் பட்டியலைப் படித்தபோது அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு தாண்டிப் போனாள்.

மே மாதம் ஒரு நாள் படகுத்துறைக்குக் குன்லௌக் தனியாக வந்தாள்.

"ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டாள் தூர்குன்.

"ஒண்ணு போதும் அண்ணி. அவர் திங்கக்கிழமையே அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். முழங்கால் ஆபரேஷன், நல்லபடியா முடிஞ்சுது."

தீவில் யார் வீட்டு நாய் குட்டி போட்டாலும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும். இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை.

"நான் கேட்டேன்னு சொல்லு" என்று சீட்டை நீட்டினாள்.

"சொல்றேன்" என்றாள் குன்லௌக். பின்னால் நின்ற வண்டி ஒலியெழுப்பியது. அவள் படகில் ஏறிக்கொண்டாள்.