எழுபது யூனிட்

ரஞ்சிதம் வயிறாரச் சாப்பிட்டாள். ஆனாலும் இளைத்துக்கொண்டே போனாள். 1976-ஆம் ஆண்டு அது. அவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி ஒன்றரை வருடம். கணவன் வீரப்பன் தேயிலை பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தான். அவள் மலையில் கொழுந்தெடுத்தாள். தேயிலைச் செடிகளின் நிரையில் நிற்கும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓடையில் இறங்கிக் கை நிறைய அள்ளிக் குடித்துவிட்டு மறுபடி ஏறுவாள். மாமியார் வேலாயி, மருமகளைப் பட்டினி போடுகிறோம் என்று லயத்து வரிசை வீடுகளின் சனம் பேசிவிடுமோ என்று பயந்து, ஊர் பார்க்க வாசலில் உட்காரவைத்தே சோறு போட்டாள். அந்தச் சோறும் ஒட்டவில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை அவள் படுக்கையைவிட்டு எழவில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவளைப்போல் வேகமாக இருந்தது. எஸ்டேட் மருந்தகத்தைக் கவனித்துவந்த டிரெஸர் தங்கையா வந்து குனிந்தார். அவள் மூச்சில் அழுகிய அன்னாசிப்பழ வாடை வந்தது. அவர் வேறெதையும் சோதித்துப் பார்க்கவில்லை. கொழுந்து ஏற்ற நின்ற லோரியை மறித்து, சாக்கு விரித்து, அவளைத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் அவள் கண் திறந்தாள். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி என்று சொன்னார்கள். அது கிழவர்களுக்கு வருவது, என் பெண்டாட்டிக்கு எப்படி வரும் என்று வீரப்பன் திரும்பத் திரும்பக் கேட்டான். தங்கையா அவனை வராந்தாவில் உட்காரவைத்துச் சொன்னார்.

"சாப்புடுற சீனியெல்லாம் ரத்தத்துலயே நிக்குதுப்பா. உள்ள போகல. ஒடம்பு பட்டினின்னு நெனச்சுக்கிட்டு, சேத்து வச்ச கொழுப்ப எடுத்துக் கரைச்சுக்கிட்டே இருக்கு. போதும், நிறுத்துன்னு சொல்றதுதான் இன்சுலின். அது இவ ஒடம்புல சுத்தமா இல்ல. கரைஞ்ச கொழுப்பு ஈரலுக்குப் போயி ஆசிடா மாறிடுச்சு. அந்த வாடைதான் அது."

"எத்தன நாளைக்கு ஊசி போடணும் டிரெஸரய்யா?"

"உசுரு இருக்கிற வரைக்கும்."

ஒரு மாதம் தங்கையாவே ஊசி போட்டார். பிறகு ரஞ்சிதம் கற்றுக்கொண்டாள். கண்ணாடி ஊசிக்குழலைத் தினமும் கொதிக்கவைத்தாள். சிறுநீரின் சில துளிகளை நீல மருந்தில் விட்டு, விளக்கில் காய்ச்சி நிறம் பார்த்தாள். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போனால் சீனி அதிகம். பெரும்பாலும் செங்கல் நிறந்தான் வந்தது. ஒருமுறை காய்ச்சல் நேரத்தில் இரண்டு நாள் ஊசி போடாமல் விட்டாள். மறுபடி அந்த மூச்சு, மறுபடி லோரி. ஊசி குறைந்தால் சாவு என்பது அன்று அவள் மனத்தில் ஆழமாகப் பதிந்துபோனது. சோறு குறைந்தாலும் குறையட்டும், மருந்து குறையக்கூடாது என்று வேலாயியிடம் சொல்லிவைத்தாள்.

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதமே கலைந்தது. இரண்டாவது நிலைத்தது. 1979-இல், ஒன்பதாம் மாதம் தொடங்கியபோது, வயிற்றில் அசைவு நின்றுபோனது. பிறந்தது ஆண் குழந்தை. நாலரைக் கிலோ. கன்னமும் தொடையும் மடிப்பு மடிப்பாக, மூன்று மாதப் பிள்ளையைப்போல் இருந்தது. உயிர்தான் இல்லை. வேலாயி அதைக் கையில் வாங்கி, துணியை விலக்கிப் பார்த்து, "இவ்வளவு சதையோட இருக்கிற புள்ள எப்படிச் சாவும்?" என்று நர்ஸிடம் கேட்டாள். 

தங்கையா பிறகு விளக்கினார். தாயின் சீனி தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். தாய் போட்டுக்கொள்ளும் இன்சுலின் போகாது. பிள்ளை தன் இன்சுலினைத் தானே சுரக்கும். சீனி அதிகமாக வர வர, அதிகமாகச் சுரந்து, எல்லாவற்றையும் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். அந்தச் சதை ஆரோக்கியம் இல்லை. இதைக் கேட்டபின் ரஞ்சிதம் யாருடைய குண்டுக் குழந்தையையும் தூக்குவதில்லை. என் ரத்தமே என் பிள்ளையைக் கொன்றுவிட்டது என்று வீரப்பனிடம் சொன்னாள்.

ஊசியை அவள் எப்போதும் வலது தொடையில், ஒரே இடத்தில்தான் போட்டாள். அங்கே வலிப்பதில்லை. முதலில் நெல்லிக்காய் அளவு மேடு ஒன்று தோன்றியது. நான்கு வருடத்தில் அது கைமுட்டி அளவு ஆனது. மெத்தென்று, நோவில்லாமல் இருந்தது. கைலி கட்டினால் வெளியே தெரியாது. அவளும் யாரிடமும் காட்டவில்லை. சீனி மட்டும் கட்டுக்குள் வரவில்லை. முப்பது யூனிட்டில் தொடங்கிய மருந்து நாற்பதானது, ஐம்பத்தைந்தானது, எழுபதானது.

1983-இல் மூன்றாம் முறை கர்ப்பமானாள். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளவும் அவளுக்குப் பயமாக இருந்தது. ஐந்தாம் மாதம் தங்கையா அவளை மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார். தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தபடி வீரப்பனின் தோளில் சாய்ந்து போனாள். டாக்டர் தமிழர். ஊசி போடும் இடத்தைக் காட்டச் சொன்னார். ரஞ்சிதம் தயங்கித் தயங்கிக் கைலியை விலக்கினாள். டாக்டர் அந்த மேட்டை விரல்களால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கினார்.

இது கொழுப்பு உயிரணு. இன்சுலின் வந்து இதன் வெளிச்சுவரில் உள்ள ஒரு புரதத்தைத் தொடும். தொட்டதும் உள்ளே புரதங்களில் மாற்றம் நடக்கும். சிலவற்றின்மேல் பாஸ்பேட் என்ற சிறு துணுக்கு ஒட்டும். இன்னும் சிலவற்றிலிருந்து அது கழன்றுவிடும். இன்சுலின் தொடும் அந்தச் சுவர்ப்புரதமே பாஸ்பேட்டை ஒட்டும் வேலையைச் செய்கிறது என்பதைப் போன வருடந்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். கொழுப்பை உடைக்கும் புரதம் பாஸ்பேட் ஒட்டினால் விழித்துக்கொள்ளும், கழன்றால் அடங்கிவிடும். இன்சுலின் அதைக் கழற்றிவிடுகிறது. அப்போது கொழுப்புக் கரைவது நின்று, சேர்வது தொடங்கும். நீ ஏழு வருடமாக ஒரே இடத்துக்கு அந்த உத்தரவைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அந்த இடம் கொழுத்துவிட்டது. இப்போது நீ போடும் மருந்து அந்தக் கொழுப்புக்குள் சிக்கி, பாதிகூட ரத்தத்துக்குப் போவதில்லை.

இனி அங்கே போடாதே, வயிற்றிலும் மறு தொடையிலும் இடம் மாற்றி மாற்றிப் போடு, புது இடத்தில் மருந்து முழுதும் ரத்தத்துக்குப் போகும், அதனால் அளவைப் பாதியாகக் குறைத்து முப்பத்தைந்து போடு என்றார். நாளைக் காலையிலிருந்து ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரியில் தங்கினால் நல்லது என்றும் சொன்னார். தங்க மாட்டேன் என்றாள் ரஞ்சிதம். போன தடவை பிள்ளையோடு உள்ளே போய் வெறுங்கையோடு வெளியே வந்தவள் அவள்.

பஸ்ஸில் மலைக்குத் திரும்பினார்கள். பாதி மருந்து என்ற சொல்லே அவள் காதில் நின்றது. இரண்டு நாள் மருந்தில்லாமல் மூச்சு முட்டியது நினைவுக்கு வந்தது. சீனி ஏறினால் பிள்ளை கொழுத்துச் சாகும். அதை அவள் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை இடத்தை மட்டும் மாற்றினாள். வயிற்றில் போட்டாள். எழுபதே போட்டாள். முப்பத்தைந்துதானே என்று வீரப்பன் கேட்டதற்கு ஆமாம் என்றாள்.

பதினோரு மணிக்குக் கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தாள். வேர்த்தது. கூடையை இறக்காமல் நிரையில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தாள். மதியம் கொழுந்து நிறுக்குமிடத்துக்கு அவள் வரவில்லை என்பதை முதலில் கவனித்தவள், பக்கத்து நிரையில் எடுக்கும் சரோஜா. கூப்பிட்டுக்கொண்டே ஏறியவள், இரண்டு செடிகளுக்கு நடுவில் கூடையோடு கவிழ்ந்து கிடந்த ரஞ்சிதத்தைக் கண்டாள். பல் கிட்டியிருந்தது, உடம்பு வெட்டிவெட்டி இழுத்தது.

பாக்டரியிலிருந்து வீரப்பன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். அவனுக்கு முன்பே தங்கையா வந்துவிட்டார். வாயில் சீனித்தண்ணீர் ஊற்றப் போன சரோஜாவைத் தடுத்தார். மூச்சுக்குழலுக்குப் போனால் அதுவே எமன். குளுகோஸ் ஊசியை எடுத்தார். நரம்பு கிடைக்கவில்லை. சரிவில் முழங்கால் வழுக்கியது. மூன்றாம் முறை குத்தியபோது குழலுக்குள் ரத்தம் ஏறியது. மெல்ல மெல்ல மருந்தை ஏற்றினார்.

பாதிக் குழல் முடிவதற்குள் இழுப்பு நின்றது. கண்ணைத் திறந்தவள் யாரையும் பார்க்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

"எத்தன போட்ட?" என்று தங்கையா கேட்டார்.

"எழுபது."

"பாதியா கொறைக்கச் சொன்னாங்கல்ல?"

"கொறைச்சா புள்ள செத்துருமேன்னு போட்டேன் அய்யா."

அவர் திட்டவில்லை. போட்ட மருந்து இன்னும் பல மணி நேரம் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சாக்கில் தூக்கிக் கீழே இறக்கி, மீண்டும் ஆஸ்பத்திரி. இரண்டு நாள் கையில் குளுகோஸ் ஏறியது. வயிற்றில் அசைவு இல்லை. நர்ஸ் குழல் வைத்து இதயத் துடிப்பு கேட்கிறது என்றாள்; ரஞ்சிதம் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்றாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, எடுத்துப் போட்டுவிடுங்கள், இன்னொரு தடவை ஒன்பது மாதம் சுமந்து பார்க்க முடியாது என்று வீரப்பனிடம் சொன்னாள். அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரை அப்படியே நிறுத்தினாள். அவன் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை, உள்ளிருந்து உதைத்தது. இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

கடைசி இரண்டு மாதமும் அவள் ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முப்பத்தாறாம் வாரம் வயிற்றைக் கீறிப் பெண் குழந்தையை எடுத்தார்கள். மூன்று கிலோவுக்குச் சற்றே மேல். பிறந்த சில மணி நேரத்தில் அதன் சீனி இறங்கி, அதற்கும் குளுகோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. ஆறாம் நாள் தாயிடம் கொடுத்தார்கள். மடிப்பு விழாத கால்களை ரஞ்சிதம் தடவித் தடவிப் பார்த்தாள். செல்லம் என்று பேர் வைத்தார்கள்.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. செல்லத்துக்கு இரண்டு வயதாகும்போது ரஞ்சிதத்தின் இடது கண்ணுக்குள் சீனி நோயால் ரத்தம் கசிந்தது. மறுவருடம் வலது கண்ணிலும். மலையில் கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் அவளைப் பாக்டரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினான். தொடை மேடு பாதி வற்றியது, முழுதாகப் போகவில்லை.

ஊசிக்குழலின் கோடுகளை அவளால் இனிப் படிக்க முடியாது. வேலைக்குப் போகுமுன் வீரப்பன்தான், டாக்டர் இப்போது சொல்லியிருந்த அளவுக்கு மருந்தை இழுத்துக் கொடுத்தான். ஊசி கைக்கு வந்ததும் அவள் அளவைக் கேட்பாள். முப்பத்தெட்டு என்பான். சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லச் சொல்வாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் முப்பத்தெட்டு என்பான். அதற்குப் பிறகுதான் போட்டுக்கொள்வாள்.