பெரியவர் டப்பா

லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக் லிஃப்டுக்குள் கால் வைத்ததும் உள்ளே நிற்பவர்களின் கண் சுவரில் இருக்கும் எடைப் பலகைக்குப் போகும். "எட்டுப் பேர்னு போட்டிருக்கு. நம்மாளு ஏறிட்டாரு, இனி அஞ்சு பேர் வரலாம்" என்பார் கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன். மெக்கானிக் சிரித்துவைப்பார். கிண்டல் பழகிவிட்டது. பழகாதது வீட்டில் நடந்தது.

துணி துவைக்கும்போதெல்லாம் மனைவி அவருடைய சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவுவாள். ரொட்டித் தூள் ஏதும் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். காரணம், அவரோடு இரட்டையாகப் பிறந்த அண்ணன் பேக்கரியில் அடுப்பைப் பார்ப்பவர். பொழுதெல்லாம் பன்னை மென்றுகொண்டே இருக்கும் அந்த மனிதர் துடைப்பக்குச்சி மாதிரி இருந்தார். வீட்டில் அளந்து போட்டதைச் சாப்பிட்ட தம்பியோ ஊதிக்கொண்டே போனார். போதாததற்கு ரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருந்தது.

"ஒரே அச்சுதான். ஒண்ணுல மட்டும் மாவு பொங்கிடுச்சு" என்பார் அண்ணன்.

"வெளியில ஏதாவது தின்னீங்களா?" என்று கேட்பாள் மனைவி.

"இல்லம்மா."

"அப்ப இந்த உடம்பு காத்துலயா வந்துச்சு?"



அந்த நேரத்தில்தான் ஒரு மருத்துவமனை, எடையில் வேறுபட்ட இரட்டையர்களைத் தேடியது. குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வு. நம்மால் செரிக்க முடியாத நாரை அவை உடைக்கின்றன. பசியிலும், சர்க்கரையிலும், சாப்பாட்டிலிருந்து உடம்பு எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று விளக்கினார் டாக்டர்.

"நான் திருடித் தின்னலைன்னு இதுல தெரியுமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அது தெரியாது. குடல்ல என்ன இருக்குன்னு தெரியும்."

அதுவாவது தெரியட்டும் என்று ஒப்புக்கொண்டார். மலம் எடுத்துவர நர்ஸ் இரண்டு டப்பாக்களைக் கொடுத்தார். ஒன்றில் 'பெரியவர்', மற்றொன்றில் 'சின்னவர்' என்று ஒட்டியிருந்தது. "இத்தனை வருஷம் சும்மா தண்ணி ஊத்தி அனுப்பினோம், இப்பத்தான்டா அதுக்கு மரியாதை" என்றபடி அண்ணன் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

முடிவு வந்த அன்று மனைவியும் கூடவே வந்தாள். டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டு மெக்கானிக் பக்கம் திரும்பினார். "பெரியவருக்கு ஒரு குறையும் இல்ல. வகைவகையா பாக்டீரியா இருக்கு. சின்னவருக்குத்தான் வகை ரொம்பக் கம்மி."

டாக்டர் அவரைப் பார்த்துச் சொன்னதால், குறையில்லாத குடல் கணவனுடையது என்று எடுத்துக்கொண்ட மனைவி அவரைப் பார்த்தாள். சட்டைப் பையைத் துழாவும்போது பார்க்கும் அதே பார்வை. மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"ரொம்ப நன்றி டாக்டர்" என்றார் அண்ணன்.

"நான் உங்களைச் சொல்லலையே."

"பெரியவர்னு சொன்னீங்களே?"

"ஆமா, இவரைத்தான்."

"இவன் சின்னவன் டாக்டர்! எனக்கப்புறம்தான் வெளிய வந்தான்."

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். மெக்கானிக்கின் உடம்பைப் பார்த்து அவரைப் பெரியவர் என்று பதிந்திருந்தார். பிறந்ததிலிருந்து வீட்டில் சின்னவன் என்றே அழைக்கப்பட்ட மெக்கானிக், வழக்கம்போல சின்னவர் டப்பாவை எடுத்திருந்தார்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் மறுபடியும் மாதிரி எடுத்தார்கள், இந்த முறை டப்பாவில் புகைப்படம் ஒட்டி. வகை குறைந்த குடல் மெக்கானிக்குடையதுதான். சிறு வயதில் அவருக்கு ஓயாமல் காதில் சீழ் வரும்; ஆன்டிபயாடிக் மாத்திரைகளாக விழுங்கித் தள்ளியவர். அண்ணனுக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை.

"அது ஒரு காரணமா இருக்கலாம். அதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். எடை ஏறினதாலயும் குடல் இப்படி மாறியிருக்கலாம்" என்றார் டாக்டர். "பயறு, காய், கீரைன்னு நார் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீங்க." பிறகு அண்ணனிடம், "நீங்களும் பன்னைக் குறைங்க. ஒல்லியா இருந்தா சர்க்கரை வராதுன்னு எந்தச் சட்டமும் இல்ல."

அண்ணனின் முகம் சுருங்கியது. மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்ப ஒரே சாப்பாடு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒட்டாதா டாக்டர்?"

"ஒட்டாதும்மா. அதை உறுதியாவே சொல்லலாம்."

 வீட்டுக்கு வந்ததும் அவள், கணவர் கழற்றிப் போட்ட வேலைச் சட்டையை அப்படியே சுருட்டி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினாள். டிரம் சுற்றத் தொடங்கியதும் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். லிஃப்ட் கதவின் திருகாணி.

"பாக்கெட்டைப் பாத்திருக்கலாமே" என்றார் மெக்கானிக்.

"உங்க பாக்கெட்டை இனி நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பயறு ஊறவைக்கப் பாத்திரம் தேடினாள்.