பொத்தான் தத்துவம்

எனக்கு ஒரு காலத்தில் ஞானம் கிடைத்திருந்தது. ஏற்காட்டு ஏரியிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், ஒரு பிரவுசிங் சென்டரின் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் கிடைத்தது. எட்டு மாதம் வைத்திருந்தேன், அப்புறம் போய்விட்டது. முப்பது வயதில் ஆண்களுக்கு வரும் மற்ற கோளாறுகளைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவேன். இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் பிடித்தது.

இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். போன வாரம் சேலத்திலிருந்து மலையேறிய பஸ்ஸில், என் சீட்டில் யாரோ ஒரு வழவழப்பான நோட்டீஸை விட்டுப் போயிருந்தார்கள். ஏதோ ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் முகாமாம். வீடியோ கேம் வழியாக ஆன்ம விழிப்பு. நடுவில் தாடிக்காரர் ஒருவரின் படம். பத்மாசனத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், மடியில் கேம் ஆடும் கருவி. கீழே பொன்னெழுத்தில், ‘நீ பொம்மை அல்ல, பொம்மையை இயக்குபவன்.’ சாப்பாடு சிறுதானியம். செருப்பை வாசலில் விடுவதைப் போல ஈகோவையும் வாசலில் விட வேண்டுமாம். அதற்கு டோக்கன் கொடுப்பார்களா என்று எழுதவில்லை.

வளைவுக்கு வளைவு அதைப் படித்தேன். பக்கத்தில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் குமட்டியது ரோட்டினாலா நோட்டீஸினாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காணாமல் போன நம் சட்டையை யாரோ போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தால் கோபம் வரும். ஆனால் முதலில் தோன்றுவது, இவ்வளவு கேவலமான சட்டையையா நாம் போட்டுக்கொண்டு திரிந்தோம் என்பதுதான். அந்தத் தாடிக்காரர் சொல்வதை எல்லாம் நான் எப்போதோ சொல்லிவிட்டேன். இலவசமாக, யாரும் கேட்காமலே.

அந்த பிரவுசிங் சென்டருக்கு ஒரு வாசனை உண்டு. ஈர ஸ்வெட்டர், சூடேறிய பிளாஸ்டிக், வாசலில் வைத்து விற்ற தைல பாட்டில்களில் எதிலோ மூடி சரியில்லாமல் கசிந்த நீலகிரித் தைலம். மார்கழியில் மூடுபனி உள்ளேயே வந்துவிடும். கம்ப்யூட்டர் திரையைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து ஆட வேண்டும். ஞானம் என்பது மறைக்கும் திரையை விலக்குவது என்று வேதாந்தப் புத்தகங்களில் படித்திருந்தேன், இதையும் அதோடு சேர்த்துவிட்டேன். அரைகுறையாகப் படித்தவனிடம் எதைக் கொடுத்தாலும் எதோடாவது சேர்த்துவிடுவான்.

நான் ஆடியது ஒரு பாதாளக் கோட்டை விளையாட்டு. தலைக்கவசம் போட்ட குள்ளன் ஒருவன் ஓடுவான், பள்ளத்தில் விழுவான், முள்ளில் குத்திச் சாவான். அவனுக்கு மூன்று உயிர். வழியில் அங்கங்கே விளக்குத் தூண்கள் நிற்கும். ஒன்றைத் தொட்டுவிட்டுச் செத்தால் அந்த விளக்கிலிருந்தே மறுபடி கிளம்பலாம். ஒரு நாள் குள்ளன் இருபதாவது தடவையாகச் செத்தபோது எனக்குப் பளிச்சென்று பட்டது. சாவது அவன், நான் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறேன். உடல் குள்ளன், ஆன்மா பொத்தானை அமுக்குபவன், விளக்கு குரு. ஆக, நடப்பது எதுவும் எனக்கு நடப்பதில்லை. இதற்குப் ‘பொத்தான் தத்துவம்’ என்று பெயர் வைத்து, எஸ்டேட் ஆபீஸிலிருந்து எடுத்து வந்த நீள நோட்டில் அத்தியாயம் பிரித்து எழுத ஆரம்பித்தேன். கடைக்காரர் சேகர்தான் முதல் சீடர். மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் வரை அவர் எந்தத் தத்துவத்தையும் ஒப்புக்கொள்வார்.

நான் அப்போது மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வருகையை எழுதுவது, பழத்தை எடை போடுவது என்று வேலை. அதில் முக்கியமான வேலை ஒன்று எழுத்தில் இல்லாதது. பழத்தைத் தோல் நீக்கிக் கழுவிக் களத்தில் காயப்போடுவார்கள். களம் பள்ளத்தில் இருந்தது, சுற்றிலும் சவுக்கு மரம். அங்கிருந்து பார்த்தால் தலைக்கு நேர் மேலே உள்ள வானம் மட்டும்தான் தெரியும். மேட்டில் இருந்த ஆபீஸ் ஜன்னலில் நின்றால் மலை இடுக்கு வழியாக மேகம் வருவது கால் மணி நேரம் முன்னாலேயே தெரிந்துவிடும். ஆகவே மேகத்தைக் கண்டதும் ரைட்டர் வெளியே வந்து, தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியால் அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் களத்தில் இருப்பவர்கள் காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் போடுவார்கள். காயும் கொட்டை மறுபடி நனைந்தால் பூசண வாடை பிடித்துவிடும், பிறகு என்ன செய்தாலும் போகாது.

களத்துக்குப் பொறுப்பு மாராயி. நாற்பதைத் தாண்டியவர். சில வருஷம் முன்னால் சரிவில் பழம் பறிக்கும்போது உருண்டு விழுந்து வலது முட்டி கெட்டுப்போனது. மேடு பள்ளம் ஏறி இறங்க முடியாது என்பதால் சமதளமான களத்தைக் கொடுத்திருந்தார்கள். களம் போனால் அவருக்கு மறுபடி சரிவுதான். வேறு வேலை எஸ்டேட்டில் கிடையாது, எஸ்டேட் வேலை இல்லையென்றால் குடியிருக்கும் லைன் வீடும் கிடையாது.

அன்று மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்தின் பெயர் ‘சாட்சி’. தலை நிமிர்ந்தேன். இடுக்கில் மேகம் நுழைந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ச் சுத்தியை எடுக்க வேண்டிய நான் அப்படியே உட்கார்ந்தேன். மறக்கவில்லை, தூங்கவில்லை. இந்த மேகம் என்னுடையது அல்ல, நான் அதைப் பார்ப்பவன் மட்டும் என்று மூச்சை இழுத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அமைதியாக நான் எதையுமே பார்த்ததில்லை. மேகத்தை மிக நன்றாகப் பார்த்தேன். அது என் ஜன்னலைத் தாண்டிக் களத்தின் மேல் போய்க் கொட்டியது.

ஓடிப் போனபோது மாராயியும் இன்னும் இரண்டு பெண்களும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் களம் மிதந்தது. மேனேஜர் குடையோடு வந்தார்.

“தண்டவாளம் அடிச்சாங்களா?” என்று மாராயியிடம்தான் கேட்டார்.

மாராயி என்னைப் பார்த்தார். அவர் வருகையைத் தினமும் எழுதுவது என் கை.

“காத்துல கேக்கலீங்க போலிருக்குதுங்க.”

நான் சாட்சியாக நின்றேன். மறுநாளிலிருந்து அவருக்குச் சரிவு என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார். நானும் பேசாமல் போயிருக்கலாம். ஆறுதல் சொன்னேன்.

“மாராயக்கா, இதுவும் ஒரு கட்டம்தான். விழுந்தா என்ன, மறுபடி ஆரம்பிக்கறதுதான். நமக்கு மூணு உயிர்னு நெனச்சுக்கங்க.”

ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார். “உசுரு மூணு இருந்து என்னங்க பண்றது? முட்டி நல்லதா ஒண்ணுதானுங்களே இருக்குது.”

 இதற்குப் பதில் தேடி மூன்று நாள் நோட்டைப் புரட்டினேன். மேனேஜரிடம் போய்ச் சொன்னால் என் வேலைக்கு ஆபத்து. சொல்லாமல் இருக்கத் தத்துவத்தில் தாராளமாக இடம் இருந்தது. சாட்சி தலையிடக் கூடாது, பொம்மைகளின் வினை பொம்மைகளுக்கு. பயந்தாங்கொள்ளிக்கு இவ்வளவு வசதியாக ஒரு வேதாந்தத்தை வேறு யாரும் தைத்துக் கொடுத்திருக்க முடியாது. நானே அளவெடுத்து நானே தைத்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் எடை போட நான் சரிவின் அடியில் தராசோடு நின்றேன். எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். மாராயி மட்டும் மேலே. பழ மூட்டையைக் காலால் தள்ளிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில், கையை ஊன்றி ஒவ்வொரு செடியாகப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு வந்தார். மூட்டை முன்னால், அவர் பின்னால்.

“பாரேன், மாராயி ராணியாட்டம் உக்காந்தே எறங்கறா,” என்றாள் ஒருத்தி.

“ஆமாமா, பல்லக்கு இன்னும் வரல. நீ வந்து தூக்கேன்,” என்றார் மாராயி மேலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கீழே வந்து மூட்டையைத் தராசில் வைக்கும்போது சேலையின் பின்பக்கம் முழுக்கச் சேறு, உள்ளங்கை கிழிந்திருந்தது. “எழுதிக்கங்க ரைட்டரே,” என்றார். எழுதினேன். என் கையெழுத்து எப்போதுமே அழகாக இருக்கும், அன்றைக்கும் அழகாகவே இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

“தண்டவாளம் நான் அடிக்கல சார்.”

“எங்கய்யா போயிருந்தே?”

“ஆபீஸ்லதான் சார் இருந்தேன்.”

“மேகம் தெரியலையா?”

“தெரிஞ்சுது சார்.”

“அப்புறம்?”

“பாத்துக்கிட்டிருந்தேன் சார்.”

அவர் கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். “குடிச்சிருந்தியா?”

“இல்லீங்க சார்.”

“குடிச்சிருந்தாக்கூட புரியும்,” என்று வருத்தத்தோடு சொன்னார்.

வேலையை விட்டு நீக்கவில்லை. காப்பிப் பருவத்தின் நடுவில் இன்னொரு ரைட்டர் கிடைக்க மாட்டான் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை. அன்றைக்கே மாராயியைக் களத்துக்குத் திருப்பி அனுப்பினார். பருவம் முடியும் வரை நான் தினமும் பகலில் நாலு மணி நேரம் களத்தில், மாராயி சொன்னபடி காப்பி கிளற வேண்டும். எழுத்து வேலையைச் சாயங்காலத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் ஜன்னலில் வயதான வாட்ச்மேன் ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர் மேகத்தைப் பார்த்தால் மட்டுமல்ல, காக்கைக் கூட்டத்தைப் பார்த்தாலும் அடித்தார். ஒரு கொட்டைகூட நனையவில்லை.

நீளக் கம்பில் பலகை பூட்டிய தள்ளுகோலை வைத்துக் கொட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை களம் முழுக்க. பார்க்க லேசாக இருக்கும், பத்து நிமிஷத்தில் முதுகு பிளந்துவிடும். நோட்டை எடுத்து எழுத உடம்பில் தெம்பு இல்லாததால் பொத்தான் தத்துவம் நாலாம் அத்தியாயத்தோடு நின்றுபோனது. மனிதகுலம் இதை ஒரு நஷ்டமாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் களம் இப்போது இல்லை. அங்கே ஒரு தங்கும் விடுதியின் கார் நிறுத்துமிடம். சவுக்கு மரங்களை வெட்டிவிட்டதால் வானம் முழுசாகத் தெரிகிறது, பார்த்து ஆகவேண்டியது எதுவும் கீழே இல்லை. தண்டவாளத் துண்டு எந்த இரும்புக் கடைக்குப் போனதோ. சேகரின் பிரவுசிங் சென்டரில் வீட்டில் செய்த சாக்லெட் விற்கிறார்கள், எந்த வீட்டில் என்று கேட்கக் கூடாது. மாராயி மகனோடு சேலத்துக்கு இறங்கி வெகுகாலமாகிறது. அங்கே எல்லாம் சமதளம்.

பருவத்தின் கடைசி வாரம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? அதுதான் இல்லை. கிளறிக் கிளறி எனக்கு அதிலிருந்தே புதிதாக ஒரு தத்துவம் முளைத்துவிட்டது. இதுதான் உண்மையான தியானம், செய்பவனும் செயலும் ஒன்றாகும் இடம் இது, நாற்காலியில் உட்கார்ந்து தேடியது எல்லாம் பொய் என்று மாராயியிடம் உருகி உருகிச் சொன்னேன். எனக்கே கண் கலங்கியது. மாராயி கோலை ஊன்றி முழுசாகக் கேட்டார்.

“பேச்சு நொம்ப நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ஏனுங்க, நீங்க பேச ஆரம்பிச்சா கை நின்னுபோவுது. காப்பி அதுபாட்டுக்கு ஒரே பக்கமா காயுதுங்க.”