முக்கால் டம்ளர் கீமுன்

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் கை முக்கால் டம்ளரில் தானாக நின்றது. பெரியநாயக்கன்பாளையத்து வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்திருந்த பெரியம்மா டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மணி, சைனாவுல தண்ணிப் பஞ்சமா?" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வந்தவங்களுக்கு அளந்தா ஊத்துவாங்க? ரொப்பு கண்ணு" என்று பாத்திரத்தை வாங்கி, விளிம்புவரை ஊற்றிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. எனக்குக் கோபமில்லை. நிறைந்த டம்ளர் ஒன்றால் அருமையான தோழியை இழக்கப் பார்த்தவள் நான்.

சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில், மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் என் கணவருக்கு வேலை. போன புதிதில் எனக்கு அங்கே பேச்சுமில்லை, ஆளுமில்லை. எதிர்வீட்டு லின்தான் எல்லாம். எனக்குப் பேறுகாலம் வந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு, புரியாத மொழியில் தைரியம் சொன்னவள் அவள். பெற்ற தாய் பக்கத்தில் இல்லாத குறையை அவள்தான் தீர்த்தாள். அந்த நன்றியை எப்படியாவது காட்ட வேண்டும் என்று, குழந்தையோடு வீடு திரும்பியதும் அவளை அழைத்து, இஞ்சி தட்டிப் போட்ட பால் டீயை வழிய வழிய ஊற்றிக் கொடுத்தேன். அவள் இரண்டு வாய் குடித்தால் மறுபடி நிரப்பினேன். நம் வழக்கம் அதுதானே. லின் அதற்குமேல் குடிக்கவில்லை. தலையை லேசாக ஆட்டிவிட்டு எழுந்து போனாள். பத்து நாள் என் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன். நான் செய்த தப்பு என்ன என்று கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியிடம் கேட்டு நீட்டினேன். அவள் ஏதோ சொன்னாள். "கோப்பையை நிரப்பி என்னைப் போகச் சொன்னது நீதானே" என்று செய்தி வாசிப்பவர் குரலில் கைபேசி தமிழ் பேசியது. தேநீரை முக்கால் கோப்பைதான் ஊற்ற வேண்டுமாம். நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருளாம். எங்கள் ஊரில் குறைத்து ஊற்றினால்தான் அப்படி என்று நான் பதில் சொன்னேன். அது அவளுக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் ஒரு தகர டப்பாவோடு வந்தாள். அவள் பெற்றோரின் சிறு தோட்டத்துக் கீமுன் தேயிலை. மாகாணத்தின் தெற்கே, காடும் மூடுபனியும் சூழ்ந்த சரிவுகளில் விளைவது. மழைக்கும் ஈர மண்ணுக்கும் அங்கே குறைவில்லை. வசந்தத்தில் கிள்ளும் கொழுந்துக்குத்தான் மதிப்பு. வாட்டி, உருட்டி, பழுக்கவிட்டுக் காயவைத்தால் கருத்து மெலிந்த இழைகளாகிவிடும். அதைக் கொதிக்க வைக்கக் கூடாது. பொங்கி அடங்கிய நீரை ஊற்றி, மூன்று நிமிடம் பொறுத்து, வடித்துவிட வேண்டும். நாம் கறுப்புத் தேநீர் என்பதை அவர்கள் சிவப்பு என்கிறார்கள். கோப்பையைப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி.

அந்த டப்பாவில் மிச்சமிருந்ததைத்தான் இந்த முறை அம்மாவுக்குக் கொண்டுவந்தேன். பாலும் சர்க்கரையும் இல்லாததைப் பார்த்து, "காச்சக்காரங்களுக்குக் குடுக்கறதாட்ட இருக்குது" என்று முகம் சுளித்தார். ஒரு வாய் குடித்தார். மறுவாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டார். "ரோசாப்பூ வாசமாட்ட இருக்குது கண்ணு. கடைசில லேசா புகை வாசமும் வருது." பேறுகாலத்தில் கூட இருந்தது யார் என்ற கதையை அப்போதுதான் முழுதாகச் சொன்னேன்.

கிளம்புவதற்கு முந்தின மாலை, அம்மா லின்னைக் காணொளியில் அழைக்கச் சொன்னார். கைபேசியை மேசையில் சாய்த்துவைத்து, அதன் முன்னால் ஒரு டம்ளர் வைத்து, முக்காலில் கவனமாக நிறுத்தினார்.

"அம்மணி, உங்களுக்கு இதுக்கு மேல ஊத்தமாட்டனுங்க. நீங்க போயிறக் கூடாதுங்க."

இதற்குள் கற்றுக்கொண்டிருந்த சீனத்தில் நான் மொழிபெயர்த்தேன். லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அம்மா என் டம்ளரை எடுத்தார். விளிம்பில் ததும்பும்வரை ஊற்றினார். திரையில் லின் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிய பெட்டிகள் வாசலருகே இருந்தன. விடிந்தால் விமானம். கையில் எடுத்தால் சிந்திவிடும் என்பதால், டம்ளரை மேசையிலேயே விட்டு, குனிந்து முதல் வாய் குடித்தேன்.